துப்பாக்கி கொடுக்கும் வேல்பாண்டி

சின்னமனூருக்குள் பேருந்து நுழையும்போது முதலில் கண்ணில் படுவது ஆயுதம் தாங்கிய ஒரு கும்பல். நடுவில் நிற்பவர் கையில் ஏ.கே.47. அவருக்கு இடப்பக்கம் இருப்பவருக்கு இரண்டு கையிலும் கைத்துப்பாக்கி. ஓரத்தில் தொட்டிலில் கிடக்கும் குழந்தையின் தோளில்கூட ராக்கெட் விடுகிற குழாய் ஒன்று சாய்ந்திருக்கும். கீழே மஞ்சள் எழுத்தில், "எங்கள் வீட்டு இளவரசியின் காதணி விழாவுக்கு வருகை தரும் அனைவரையும் இருகரம் கூப்பி வரவேற்கிறோம்." கூப்புவதற்கு அதில் ஒருவர் கையும் காலியாக இல்லை.

நான் போய் வந்த ஊர்களில் ஒன்றிரண்டில் நிஜத் துப்பாக்கியோடு ஆட்கள் தெருமுனையில் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் யாரும் இவ்வளவு முறைத்ததில்லை.

இந்தக் கம்பம் பள்ளத்தாக்கில் இத்தனை பேருக்கும் துப்பாக்கி கொடுப்பவர் ஒரே ஆள்தான். பெயர் வேல்பாண்டி. வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. ஒடிசலான உடம்பு, தடித்த கண்ணாடி. மார்க்கெட்டுக்குப் போகிற வழியில் அவருடைய பிளக்ஸ் கடை இருக்கிறது. கடையில் ஏ.சி. உண்டு. அது அச்சு இயந்திரத்துக்காகப் போட்டது, மனிதர்கள் அதன் தயவில் உட்கார்ந்துகொள்ளலாம்.

வேல்பாண்டியின் அப்பா வாழைத்தார் வெட்டப் போகிறவர். மகனையும் கூப்பிட்டார். தார் வெட்டுவதைவிடப் படிப்பது மேல் என்று மகன் பாலிடெக்னிக் போனான். படிப்பதைவிட எதுவும் மேல் என்று ஒரே வருடத்தில் திரும்பி வந்து, ஒரு போட்டோ ஸ்டுடியோவில் சேர்ந்தான். அங்கே அவனுக்குக் கொடுத்த வேலைக்குக் கண் திறப்பது என்று பெயர். கல்யாணப் படங்களில் பளிச்சென்று வெளிச்சம் அடித்ததும் கண்ணை மூடிக்கொண்டவர்களுக்கு வேறு படத்திலிருந்து கண்ணை வெட்டி ஒட்ட வேண்டும். மாப்பிள்ளைக்கு எல்லாப் படத்திலும் கண் மூடியிருந்தால் மாப்பிள்ளையின் தம்பி கண்ணை வைப்பார்கள். அப்படித் தம்பி கண்ணோடு தாலி கட்டிய மாப்பிள்ளைகள் இந்த வட்டாரத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள், யாருக்கும் தெரியாது.

பிறகு பிளக்ஸ் காலம் வந்தது. வேல்பாண்டி தனிக்கடை போட்டார். அப்போதெல்லாம் அவரிடம் துப்பாக்கி கிடையாது. சிங்கமும் வெள்ளைக் குதிரையும்தான். வாழைக்காய் வியாபாரி தங்கப்பாண்டியன் தன் மகன் காதுகுத்துக்குப் படம் கொண்டுவந்த அன்றுதான் எல்லாம் மாறியது. படத்தில் தங்கப்பாண்டியன் கையில் பாதி தின்ற பஜ்ஜி இருந்தது. வேறு படம் அவரிடம் இல்லை. பஜ்ஜியை அழித்தால் விரல் மடங்கி விகாரமாகத் தெரிந்தது. வேல்பாண்டி இணையத்தில் தேடி ஒரு கைத்துப்பாக்கியை எடுத்து பஜ்ஜியின் மேல் வைத்தார். விரல்கள் அப்படியே பொருந்திவிட்டன.

பிளக்ஸ் கட்டிய மறுநாளே கடை வாசலில் ஆட்கள் நின்றார்கள்.

"அவனுக்கு மட்டும் குடுத்திருக்கீக. நாங்க என்ன தொக்கா?"

அதிலிருந்து கடையில் ஒரு பேச்சு உருவாகிவிட்டது. "மாப்ளைக்குத் துப்பாக்கி குடுத்தாச்சா?" "சித்தப்பாவுக்குக் குடுக்காம விட்டா கோவிச்சுக்குவாரு." "பெரியவருக்குக் குடுக்காதீக, அவருக்குக் கை நடுங்கும்." கல்யாண வீட்டில் வெற்றிலை பாக்கு கொடுப்பது மாதிரி இங்கே துப்பாக்கி கொடுத்தார்கள். அரசு ஊழியர்கள் மட்டும் சிங்கம் போதும் என்பார்கள். வாத்தியார்கள் முதலில் பேனா கேட்டுவிட்டு, பணம் கட்டும்போது குனிந்து, "சின்னதா ஒண்ணு இடுப்புல சொருகிவிடுங்க" என்பார்கள். கண்ணீர் அஞ்சலிக்கு வேல்பாண்டி துப்பாக்கி வைப்பதில்லை. தென்னை மரத்திலிருந்து விழுந்து இறந்த ஒருவருக்கு மட்டும், குடும்பத்தார் விடாமல் கேட்டதால், தோளில் ஒன்று சாத்திக் கொடுத்தார்.

ஆனால் நிஜத் துப்பாக்கியைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள், இந்த ஊர் முகம் சுளித்துவிடும். கடைக்கு எதிரே உள்ள டீக்கடையில் கைப்பேசியில் செய்தி பார்த்துக்கொண்டே பேசுவார்கள். பம்பாயில் சுட்டான், டெல்லியில் சுட்டான், அமெரிக்காவில் பள்ளிக்கூடத்தில் புகுந்து சுட்டான்.

"அங்கன உள்ளவனுக எல்லாம் மனுசனுகளா?" என்பார் தங்கப்பாண்டியன். "எங்கிட்டோ நின்னு பொட்டுன்னு சுட்டுட்டுப் போயிறானுக. செத்தவனுக்கு யாரு சுட்டான்னே தெரியாது. நம்ம ஊர்ல அப்படியா? எதுன்னாலும் நேருக்கு நேரா வந்து, பேரச் சொல்லிக் கூப்ட்டு, மூஞ்சியப் பாத்து வெட்டுவோம். அதுல ஒரு மரியாதை இருக்குல்ல?"

வாய்க்கால் வரப்புத் தகராறில் அவருடைய குடும்பமும் பங்காளி குடும்பமும் பல காலமாக இந்த மரியாதையைப் பரிமாறிக்கொண்டு வருகிறார்கள்.

பாண்டீஸ்வரியின் மகள் சினேகா பெரியவளானபோது வைத்த பிளக்ஸில்தான் சிக்கல் தொடங்கியது. பாண்டீஸ்வரி கடமலைக்குண்டில் பிறந்து சின்னமனூருக்கு வாழ்க்கைப்பட்டவள். அவளுக்கு ஒரே தம்பி, விஜயபாண்டி. பம்பாயில் ஒரு ஏலக்காய் மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறான். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாதவன் என்று சொல்வோமே, அந்த ரகம். மருமகளுக்குச் சீர் கொண்டுவருகிற தாய்மாமன் என்பதால் பிளக்ஸில் அவன்தான் ஆளுயரத்துக்கு நிற்க வேண்டும். வேல்பாண்டி அவனுக்கு இருப்பதிலேயே நீளமான ஏ.கே.47 கொடுத்து, பின்னால் நெருப்பு எரியவிட்டு, தலைக்கு மேல் ஆங்கில எழுத்தில் "தாய் மாமன்" என்று போட்டார். அம்மாவைக் குறிக்கும் தாய்தான். ஆங்கிலத்தில் எழுதியபோது தாய்லாந்துக்காரனைக் குறிக்கிற அதே நாலு எழுத்து வந்துவிட்டது. அதை அப்போது யாரும் கவனிக்கவில்லை.

விழாவுக்கு உரியவளின் படம் வலது மூலையில் ஒரு தாமரைப் பூவுக்குள் சின்னதாக இருந்தது. அவள் ஒருத்திதான் கேட்டாள்.

"நான் வயசுக்கு வந்ததுக்கு மாமா கையில எதுக்குத் துப்பாக்கி?"

"உனக்கு ஒண்ணும் தெரியாது, பேசாம இரு ஆத்தா" என்றாள் பாண்டீஸ்வரி.

விஜயபாண்டிக்குப் படம் பிடித்துப்போனது. வாழ்க்கையில் முதல் தடவையாக யாரோ தன்னைப் பார்த்துப் பயப்படுவார்கள் என்று தோன்றியிருக்க வேண்டும். பம்பாய் திரும்பியதும் அதையே வாட்சப்பில் முகப்புப் படமாக வைத்துக்கொண்டான்.

சில வாரம் கழித்து அவன் குடியிருந்த தெருவுக்கு அடுத்த தெருவில், கட்டடக் காண்டிராக்டர் ஒருவரை அவருடைய அலுவலக வாசலில் யாரோ சுட்டுவிட்டார்கள். குண்டு தோளில் பட்டது, ஆள் பிழைத்துக்கொண்டார். ஆனால் அந்தப் பகுதியே கொதித்தது. தொலைக்காட்சிக்காரர்கள் வந்தார்கள். மக்கள் வரிசையில் நின்று கருத்துச் சொன்னார்கள். வெளியூர்க்காரர்களால்தான் இதெல்லாம் என்றார் ஒருவர், அவர் பிறந்தது வேறு மாநிலம். பிடிக்கிறவனை நடுரோட்டில் நிறுத்திச் சுட வேண்டும், அப்போதுதான் துப்பாக்கிக் கலாச்சாரம் ஒழியும் என்றார் இன்னொருவர். அவருக்குக் கைதட்டு விழுந்தது.

போலீஸ் அந்த வட்டாரத்தில் தனியாக அறை எடுத்துத் தங்கியிருந்த பையன்களின் கைப்பேசிகளை வாங்கிப் பார்த்தது. விஜயபாண்டியின் கைப்பேசியைத் திறந்தார்கள். நெருப்பு, ஏ.கே.47, தாய்லாந்து மாமன்.

அன்று சாயங்காலம் பம்பாய்ச் செய்திகளில் அந்தப் படம் ஓடியது. தாய்லாந்திலிருந்து ஆயுதம் தருவிக்கும் மாமன் என்பவன் பிடிபட்டான். விஜயபாண்டியின் பக்கத்து அறைக்காரர், ஓய்வு பெற்ற ரயில்வே ஊழியர், தினமும் அவனிடம் பேப்பர் இரவல் வாங்கிப் படிப்பவர், ஒலிவாங்கி முன்னால் சொன்னார்: "ரொம்ப அமைதியான பையன். யாரோடும் சண்டை கிடையாது. அதுதான் எனக்கு முதலிலிருந்தே சந்தேகம்."

சின்னமனூருக்குத் தகவல் சொன்னவர் அவனுடைய முதலாளி ஞானசிகாமணி. போடிக்காரர், பம்பாயில் கடை வைத்துப் பல வருடம் ஆகிறது. பாண்டீஸ்வரியிடம் போனில் சொன்னார்: "அடுத்த வாரம் பெரிய போலீசு கையில ஒப்படைச்சிருவாகளாம். அங்கிட்டுப் போயிட்டா வெளிய வாரது கஷ்டம்மா. அந்தத் துப்பாக்கி பொய்யின்னு அதுக்குள்ள நிரூபிக்கணும்."

பாண்டீஸ்வரி வேல்பாண்டியின் கடைக்குள் நுழைந்தபோது அங்கே கூட்டம். டீக்கடையில் விஷயம் பரவி, பம்பாயே பார்த்து நடுங்கிய அந்தத் துப்பாக்கிதான் வேண்டும் என்று மூன்று விசேஷ வீட்டார் வந்திருந்தார்கள்.

"என்னா அண்ணே, யாவாரமா?" என்றாள் பாண்டீஸ்வரி.

"வா தங்கச்சி, உக்காரு. தம்பி விசயம் கேள்விப்பட்டேன். மனசே சரியில்ல."

"மனசு சரியில்லாதவன் மூஞ்சியா இது? எந்திரி. நீ வச்ச துப்பாக்கிய நீயே போயி எடு."

"நான் போயி என்னத்த தங்கச்சி...? எனக்கு இந்தி தெரியாது."

"என் தம்பிக்கு மட்டும் சுடத் தெரியுமா? அவன உள்ள வச்சுருக்காகள்ல? நீ போகலைன்னா நான் இந்த மிசினு மேல உக்காந்துக்கிருவேன். ஒரு பயலுக்கும் ஒரு துப்பாக்கி அடிக்க முடியாது, பாத்துக்க."

இயந்திரத்தின் விலையை நினைத்தோ, பையனை நினைத்தோ, வேல்பாண்டி மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு மதுரைக்குப் போய் ரயில் ஏறினார். இதற்கு மேல் நடந்ததை அவரும் விஜயபாண்டியும் தனித்தனியாகச் சொல்லக் கேட்டேன். இரண்டு பேர் கதையிலும் அழுதது மற்றவர்தான்.

பம்பாய்க் காவல் நிலையத்தில் தமிழ் தெரிந்த ஏட்டு ஒருவர் இருந்தார். அங்கேயே பிறந்து வளர்ந்தவர். அவருடைய தமிழ், வீட்டில் அம்மாவிடம் சோறு கேட்கப் போதுமானது. தாய்மாமன் என்றால் அம்மாவின் கூடப்பிறந்தவன் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அதை அவர் விளக்கியதும் தாய்லாந்து விவகாரம் தீர்ந்தது. கூட வந்திருந்த ஞானசிகாமணி பெருமூச்சு விட்டார். அவசரப்பட்டுவிட்டார். இன்ஸ்பெக்டர் அடுத்து துப்பாக்கிக்கு வந்தார். ஏட்டு தமிழில் கேட்டார்.

"அந்தப் பையனுக்கு கன் யார் கொடுத்தா?"

வேல்பாண்டி நெஞ்சை நிமிர்த்தினார். "நான்தான் சார் குடுத்தேன்."

ஏட்டு அதைச் சொன்னதும் இன்ஸ்பெக்டர் பேனாவை எடுத்தார்.

"வேற யாருக்கெல்லாம் கொடுத்திருக்கே?"

"அது இருக்கு சார், கம்பம், உத்தமபாளையம், பெரியகுளம்... இங்கிட்டு மேகமலை எஸ்டேட்டு வரைக்கும் நம்ம சரக்குதான் போகுது. எங்க பக்கம் எந்த விசேசம்னாலும் என்கிட்டதான் வருவாக."

"எங்கே இருந்து வருது?"

"எல்லாம் வெளிநாட்டுச் சரக்கு சார். நெட்டுல இருந்து இறக்குறதுதான்."

ஏட்டுக்கு இறக்குறது என்ற சொல் புரிந்தது. இறக்குமதி என்று மொழிபெயர்த்தார். இன்ஸ்பெக்டர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"என்ன வயசு ஆளுங்களுக்குக் கொடுப்பே?"

"ஒரு வயசுல இருந்து."

ஞானசிகாமணி வேல்பாண்டியின் காலை மிதித்தார். "ஏப்பா, வாய மூடு. அவுக வேறமாதிரி புரிஞ்சுக்கிறாக."

"இல்ல அண்ணாச்சி, உண்மையச் சொன்னாத்தான விடுவாக?"

உண்மையைச் சொன்னதால் வேல்பாண்டியை உள்ளே கொண்டுபோய் விஜயபாண்டியின் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். பையன் தாடியும் கசங்கிய சட்டையுமாக இருந்தான். நிமிர்ந்து பார்த்தான்.

"அண்ணே, என்னைய எடுக்க வந்தீகளா, இல்ல எனக்குத் துணைக்கு இருக்க வந்தீகளா?"

"கோவப்படாத. ஒரு சின்னக் குழப்பம்."

"என் கையில எதுவுமே வேணாம்னு நான் ஊர்லயே சொன்னேன்ல?"

"எப்படா சொன்ன? இன்னும் கொஞ்சம் பெருசாக் கிடைக்காதான்னு கேட்ட."

அப்போதுதான் வேல்பாண்டி எதிர்ச் சுவரில் சாத்தியிருந்த நிஜத் துப்பாக்கியைக் கவனித்தார். வாழ்க்கையில் முதல் தடவை. கறுப்பு மங்கி, கட்டையில் கீறல் விழுந்து, வாரை நூலால் தைத்து வைத்திருந்தார்கள். அவருக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது.

"பாத்தியா, ஒரு பளபளப்பே இல்ல. இதக் குடுத்தா எவனாச்சும் வாங்குவானா?"

விஜயபாண்டி முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

மறுநாள் காலையில் இன்ஸ்பெக்டர் வேல்பாண்டியின் மடிக்கணினியைத் திறக்கச் சொன்னார். திரையில் ஆயுதங்கள் என்ற பெயரில் ஒரு பெட்டி. அதற்குள் சிறியது, பெரியது, குழந்தைகளுக்கு என்று மூன்று பெட்டி. அடுத்ததாக முடித்துக்கொடுத்த பிளக்ஸ்கள் வரிசையாக ஓடின. காதுகுத்து வீடு, கல்யாண வீடு, புதுக்கடை திறப்பு, ஆட்டோ சங்க ஆண்டு விழா. பள்ளத்தாக்கு முழுக்க ஆணும் பெண்ணும் பச்சைக் குழந்தையுமாக ஆயுதம் ஏந்தி இன்ஸ்பெக்டரை முறைத்தார்கள். அவர் ஏட்டிடம் மெதுவாகக் கேட்டாராம், அந்தப் பக்கம் போர் ஏதும் நடக்கிறதா என்று.

இந்த இடத்தில் வேல்பாண்டிக்குப் பேச்சு உதவாது என்பது உறைத்திருக்கிறது. ஏட்டு ஓரமாக நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். கைப்பேசியில் அவரைப் படம் எடுத்து மடிக்கணினியில் ஏற்றி, டீ கிளாசின் மேல் விஜயபாண்டியின் அதே ஏ.கே.47-ஐ வைத்தார். ஆறிப்போன டீயை ஏட்டு முடிப்பதற்குள் அவர் பின்னால் நெருப்பு எரிந்தது.

இன்ஸ்பெக்டர் படத்தைப் பார்த்தார். ஏட்டைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார். பிறகு எழுந்து, தொப்பியைச் சரிசெய்துகொண்டு, சுவர் ஓரமாகப் போய் நின்றார்.

"எனக்கு ரெண்டு கையிலயும் வை" என்றாராம் இந்தியில். அதற்கு மட்டும் வேல்பாண்டிக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

அன்றே இரண்டு பேரையும் விட்டிருக்கலாம். விடவில்லை. ஸ்டேஷனில் எல்லோரும் படம் கொடுத்தார்கள். இரவுப் பணிக்காரர்கள் வர வேண்டியிருந்தது. ஒருவருடைய மச்சானுக்குக் கல்யாணம். ஆளுக்கு ஒன்று முடித்துக் கொடுக்கும்வரை விசாரணை தொடர்ந்தது. இடுப்பில் நிஜத் துப்பாக்கி வைத்திருந்த ஒரு சப்-இன்ஸ்பெக்டர், படத்தில் அது தெரியாமல் மறைத்துவிட்டு வேறு நல்லதாக வைக்கச் சொன்னார். எல்லாம் முடிந்த பிறகு, படத்தில் காணப்படும் ஆயுதம் மெய்யானதல்ல என்று எழுதி முத்திரை வைத்து, விஜயபாண்டி கையில் கொடுத்து, இரண்டு பேரையும் விடுவித்தார்கள்.

கதை இங்கே முடிந்ததாகத்தான் வேல்பாண்டி நினைத்தார். விஜயபாண்டியும் அப்படி நினைத்துக்கொண்டுதான் தன் அறைக்குப் போனான்.

அவன் இருந்தது பழைய மாடிக் கட்டடம். ஒவ்வொரு மாடிக்கும் ஒரே குழாய். இத்தனை வருடமாகக் காலையில் அவன் குடத்தோடு போய் நின்றால், பின்னால் வருகிறவர்கள் எல்லோரும் அவனுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு போவார்கள். அவன் கடைசியாகப் பிடித்து, அரைக்குடத்தோடு திரும்புவான். விடுதலையான மறுநாள் காலை குழாய்க்குப் போனான். வரிசை இரண்டாகப் பிளந்து வழிவிட்டது. ஒரு அம்மாள் அவன் குடத்தை வாங்கித் தானே நிரப்பிக் கொடுத்தார்.

ரயில்வே ஓய்வூதியக்காரர் இரவல் வாங்கிய பேப்பர்களை எல்லாம் அடுக்கிக் கட்டிக்கொண்டு வந்து வாசலில் வைத்தார். தொலைக்காட்சியில் பேசியது தான் இல்லை, தன்னைப் போலவே இருக்கும் வேறு ஒருவர் என்றார். நடுரோட்டில் வைத்துச் சுட வேண்டும் என்று கைதட்டு வாங்கியவர் தனியாகக் கூப்பிட்டு, வாடகை தராமல் இழுத்தடிக்கும் தன் குடித்தனக்காரனிடம் வந்து சும்மா ஒரு நிமிடம் நின்றுவிட்டுப் போக முடியுமா என்று கேட்டார்.

கடையில் இன்னும் மோசம். கடன் சொல்லி ஏலக்காய் எடுத்துப்போன வியாபாரிகள் ஒருவர் பின் ஒருவராக வந்து கட்டிவிட்டுப் போனார்கள். விஜயபாண்டி முத்திரை வைத்த காகிதத்தை எடுத்து நீட்டினால் ஞானசிகாமணி பிடுங்கி மடக்கினார்.

"இத எதுக்குப்பா எல்லார்ட்டயும் காட்டுற? பத்திரமா உள்ள வையி. இனிமே நீ உள்ள உக்காந்து கணக்கு எழுத வேணாம். வாசல்ல உக்காரு. ஒண்ணும் பேச வேணாம், சும்மா உக்காரு, போதும்."

ஊர் திரும்பத் தயாராக இருந்த வேல்பாண்டிக்கு இதையெல்லாம் பார்த்துக் கண் கலங்கிவிட்டது. "நான் குடுத்ததுலயே இவ்வளவு நல்லா வேல செஞ்சது இதுதாண்டா. இந்த மரியாதைய காசு குடுத்தாலும் வாங்க முடியுமா?"

விஜயபாண்டி அவரை அறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினான்.

"அண்ணே, நல்லா யோசிச்சுப் பாருங்க. நாளைக்கு இந்த ஊர்ல எங்கிட்டு ஒரு சத்தம் கேட்டாலும் முதல்ல யாரத் தேடி வருவாக? டயரு வெடிச்சாக்கூட என்னையத்தான தூக்குவாக? நான் இன்னும் வெளிய வரலண்ணே. மொதல்ல அந்தத் துப்பாக்கிய எடுங்க."

வேல்பாண்டி மடிக்கணினியைத் திறந்தார். துப்பாக்கியை எடுத்தார். எடுத்த பிறகு பார்த்தால் அந்தக் கைகள் விஜயபாண்டியின் கைகளே அல்ல. கழுத்துக்குக் கீழே எதுவும் அவனுடையதல்ல. அவன் கொடுத்தது முகம் மட்டும் தெரிகிற ஒரு படம், மற்றதெல்லாம் வேல்பாண்டி எங்கிருந்தோ எடுத்துச் சேர்த்தது. அந்த வேறு ஆளின் விரல்கள் எதையோ பிடித்தபடி வெறுமனே மடங்கி நின்றன. எனவே புதிதாக ஒரு படம் எடுக்க வேண்டியதாயிற்று. அறை ஜன்னல் ஓரம், கட்டம்போட்ட கைலி, பல நாள் தாடி, நிரப்பிய குடம்.

"எதையாச்சும் சரி பண்ணவா? கொஞ்சம் செவப்பு கூட்டவா?"

"ஒண்ணும் பண்ணாதீக. இப்படியே இருக்கட்டும்."

அதை முகப்புப் படமாக வைத்தான். அரைமணி நேரத்தில் ஞானசிகாமணியிடமிருந்து போன் வந்தது. பழைய படத்தை வை என்றார். அவன் வைக்கவில்லை. வாசலில் உட்காரச் சொன்ன இடத்திலும் உட்காரவில்லை. உள்ளே போய்க் கணக்கு எழுதினான். ஆனால் தெரு அவனை விடுவதாக இல்லை. குடத்தோடு நிற்கும் படத்தைப் பார்த்துவிட்டு, இப்போது வேஷம் போடுகிறான் என்று பேசிக்கொண்டார்கள். முத்திரைக் காகிதத்தோடு வீடுவீடாகப் போனான். கதவைப் பாதி திறந்து, படித்துக்கூடப் பார்க்காமல், நம்புகிறோம் நம்புகிறோம் என்று சொல்லிச் சாத்திக்கொண்டார்கள். இந்த மாதிரி ஆட்களுக்கு எந்தக் காகிதம்தான் கிடைக்காது என்று உள்ளேயிருந்து குரல் கேட்டது.

வேல்பாண்டி ஊர் வந்து சேர்ந்தார். ரயிலில் வரும்போதே ஒரு முடிவெடுத்திருந்தார்: இனி துப்பாக்கி வைத்தால் கீழே, "துப்பாக்கி உண்மையல்ல" என்று ஒரு வரி போட வேண்டும். முதல் நாளே, தன் வீட்டு பிளக்ஸில் அந்த வரியைப் பார்த்துவிட்டுத் தங்கப்பாண்டியன் சண்டைக்கு வந்தார்.

"ஏலே வேலு, என்னாடா இது? என்னைய அசிங்கப்படுத்தணும்னே எழுதிருக்கியா?"

"சட்டம்ணே. பம்பாயில போயிப் பாத்துட்டு வந்துருக்கேன்."

"அப்ப சிங்கத்துக்கும் போடு, சிங்கம் உண்மையல்லன்னு. பின்னாடி நிக்கிற பங்களாவுக்கும் போடு. எங்க மச்சினன் தலையில கறுகறுன்னு முடி வச்சிருக்கியே, அதுக்குப் போட்டியா?"

கடைசியில் அந்த வரியை எறும்பு அளவுக்குச் சின்னதாகப் போடுவது என்று சமாதானம் ஆயிற்று.

பாண்டீஸ்வரி தினமும் கடைக்கு வந்தாள். தம்பி தன்னிடம் போனில் சரியாகப் பேசுவதில்லை, வேல்பாண்டியிடம்தான் பேசுகிறான் என்பது அவளுக்குத் தெரியும்.

"என்னா சொல்றான்?"

"இன்னைக்கும் எல்லாரும் எந்திரிச்சு நின்னாகளாம்."

"பாவிப்பய, என் தம்பிய இப்படிப் பண்ணிட்டியே" என்று சொல்லிவிட்டுத் தம்பியை அழைத்துப் பேசுவாள். "ஊருக்கு வந்துருடா" என்பாள். "வந்தா ஓடிட்டான்னு சொல்லுவாகக்கா" என்பான் அவன்.

மழைக்காலம் தொடங்கியபோது சுட்ட ஆள் கிடைத்தான். காண்டிராக்டரின் கூட்டாளி மகன். அதே பகுதியில் பெரிய அடுக்குமாடியில் வசிப்பவன், வெளிநாட்டில் படித்தவன். செய்தியில் அவன் படம் வந்தது, வெள்ளைச் சட்டையும் தோளில் மடிக்கணினிப் பையுமாக. வேல்பாண்டி அதைக் கடையில் பெரிதாக்கிப் பார்த்து, "இவனுக்கு எதக் குடுத்தாலும் பொருந்தாதே" என்றார். தெருவில் மறுபடி ஒலிவாங்கி நீட்டினார்கள். நல்ல குடும்பத்துப் பையன், ஏதோ கோபத்தில் ஒரு தடவை சுட்டுவிட்டான், அதற்காக அவன் எதிர்காலத்தைக் கெடுக்கலாமா என்று ரயில்வே ஓய்வூதியக்காரர் கேட்டார். கைதட்டு விழுந்தது. நடுரோட்டில் நிறுத்தச் சொன்னவரைக் காணோம்.

இரண்டு நாள் கழித்து, பாண்டீஸ்வரி கடையில் இருக்கும்போதே அவளுக்கு விஜயபாண்டியிடமிருந்து போன் வந்தது. இரைச்சலுக்காக ஒலிபெருக்கியில் போட்டாள். அந்தப் பக்கம் குடங்கள் மோதுகிற சத்தம். யாரோ ஒரு பெண் இந்தியில் உரக்கத் திட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னாடா, என்னா சண்டை அங்கன?"

"அக்கா, ஒண்ணுமில்லக்கா. குழாயடி. என் கொடத்தத் தூக்கி ஓரமா வச்சுட்டு அந்தம்மா பிடிக்குது. நான் முன்னாடி வந்தேன்னு சொன்னா என்னையப் போடான்னு வையிது." அவன் குரல் உடைந்து, உடனே சிரிப்பானது. "ரயில்வேக்காரரு காலையில வந்து பேப்பர எடுத்துட்டுப் போயிட்டாரு, கேக்கக்கூட இல்ல. மொதலாளி, வசூல் ஆகலைன்னு நேத்து பூரா என்னையத் திட்டுனாரு. அக்கா, என்னைய விட்டுட்டாகக்கா."

பாண்டீஸ்வரி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அந்தச் சிறுக்கி அம்புட்டையும் பிடிக்கட்டும், நீ ஒண்ணும் பேசாத" என்றாள். "கடைசியா பிடிச்சுட்டு வா. போன வச்சிறாத, நான் லைன்லயே இருக்கேன்."

குடங்களின் சத்தம் குறைந்துகொண்டே வந்தது. கடைசியில், காலிக் குடத்தில் தண்ணீர் மெலிதாக விழுகிற சத்தம் மட்டும் கேட்டது.